பென்ஷன்ல பாதிய கம்யூட் பண்ணி மனை வாங்கலாமா? ஒரு நேவி கமாண்டரோட கேள்வி

கேள்வி: நான் நேவில கமாண்டர், இப்ப போஸ்டிங் விசாகப்பட்டினம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். அடுத்த வருஷம் 54 முடிஞ்சு ரிட்டயர் ஆகுறேன். பேசிக்கும் எம்எஸ்பியும் (முப்படைல இருக்குறவங்களுக்கான மிலிட்டரி சர்வீஸ் பே) சேர்த்து 2 லட்சம், அதனால பென்ஷன் அதுல பாதி, மாசம் 1 லட்சம், டிஆர் (பென்ஷனுக்கான அகவிலைப்படி) தனி. டிஎஸ்ஓபில (முப்படை ஆபீசர்களோட பிஎஃப்) 42 லட்சம் இருக்கு. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம், பையன் பத்தாவது. சொந்த வீடு இல்ல. பென்ஷன்ல பாதிய கம்யூட் பண்ணி (அதாவது மாசாமாசம் வர்றத விட்டுக்குடுத்து மொத்தப் பணமா முன்னாடியே வாங்கி) சென்னைக்கு வெளிய 60 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கிப் போடுங்கன்னு மச்சான் சொல்றார். செய்யலாமா?

பதில்: சார், கம்யூட் பண்றது வேற, மனை வாங்குறது வேற, மச்சான் ரெண்டையும் ஒரே முடிச்சா போட்டுட்டார், அத முதல்ல அவுத்துடுவோம்.

50,000 ரூபாய கம்யூட் பண்ணா, உங்க அடுத்த பிறந்தநாள் 55ங்கறதால ஃபேக்டர் (வயசப் பொறுத்து மாறுற பெருக்கு எண்) 8.627, அதாவது 50,000 × 12 × 8.627, கைக்கு 51,76,200 ரூபா வரும், இதுக்கு வரி கிடையாது. பதிலுக்கு 15 வருஷம் மாசாமாசம் 50,000 விட்டுக்குடுக்குறீங்க, கூட்டினா 90 லட்சம். உங்க பென்ஷன்கிட்டயே நீங்க வாங்குற கடன்னு வெச்சுக்கிட்டா வட்டி சுமார் 8 சதவீதம் வருது. ஆனா விட்டுக்குடுக்குற பென்ஷனுக்கு எப்படியும் வரி கட்டியிருப்பீங்க இல்லையா, அதக் கழிச்சா நிஜமான வட்டி அத விட நல்லாவே கம்மி. டிஆரும் முழு 1 லட்சத்துக்குத்தான் கணக்கு, பாதிக்கு இல்ல. 15 வருஷம் ஆனதும் முழு பென்ஷன் திரும்பிடும், நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆனா பாக்கிய வீட்டுல யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க. அதனால கம்யூட் பண்ணுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

மனைதான் இடிக்குது. 30 வருஷம் குவார்ட்டர்ஸ்லயே இருந்துட்டீங்க, கொச்சி மும்பை வைசாக்னு எங்க போனாலும் வீடு தயாரா இருந்துச்சு, வெளி வாடகை கரண்ட் பில் மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்ந்தா ஒரு குடும்பத்துக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது (மிலிட்டரி கேண்டீன் மட்டும் கூடவே வரும், அது போதும்னு சில பேர் சொல்லுவாங்க!). பையன் ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் அவன் படிக்கிற ஊர்ல வாடகைக்கு இருங்க. பொண்ணு எங்க செட்டில் ஆவா, நீங்க ரெண்டாவது வேலைக்குப் போறீங்களா, திருநெல்வேலில உக்காரப் போறீங்களா, எதுவுமே முடிவாகல, அதுக்குள்ள சென்னைக்கு வெளிய காலி மனை எதுக்கு? அது வாடகை தராது, வேலி போடணும், வருஷத்துக்கு ஒரு தடவ போய் யாரும் கல்லு நட்டிருக்காங்களான்னு பாக்கணும்.

கிராஜுவிட்டி உச்சவரம்பு 25 லட்சம், உங்களுக்கு முழுசா வரும். 300 நாள் லீவு சேர்ந்திருந்தா அந்தப் பணம், அப்புறம் டிஎஸ்ஓபி, கம்யூட்டேஷன் எல்லாம் கூட்டினா கோடியத் தாண்டிடும், பணம் அக்கவுண்ட்டுக்கு வந்த வாரமே இன்ஷூரன்ஸ் விக்கிறவங்க போன் ஆரம்பிச்சுடும், எடுக்காதீங்க. 30 லட்சத்த சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடுங்க, மத்தவங்களுக்கு 60 வயசுன்னாலும் முப்படைல ரிட்டயர் ஆனவங்களுக்கு 50 ஆனாலே போதும், இது பல ஆபீசர்களுக்கே தெரியல. 8.2 சதவீதம்னா மூணு மாசத்துக்கு 61,500 வருது, வட்டிக்கு வரி உண்டு. பொண்ணு படிப்புக்கும் பையன் காலேஜுக்கும் வேண்டியத எஃப்டில தனியா வெச்சுட்டு, மிச்சத்த ஒரு வருஷம் தொடாம விட்டு, அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (நிஃப்டி மாதிரி ஒரு பங்குக் குறியீட்ட அப்படியே பின்பற்றுற மியூச்சுவல் ஃபண்ட்) நகத்துங்க. ஈசிஎச்எஸ்க்கு (ரிட்டயர் ஆன படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) ஆபீசர்னா ஒரே தடவ 1,20,000 கட்டணும், அது பென்ஷன் பேப்பரோட சேர்ந்தே முடிஞ்சுடும்.

இன்னொண்ணு, இத சொல்லாம விட மனசு வரல. உங்க கடிதத்துல மச்சான் இருக்கார், பிள்ளைங்க இருக்காங்க, உங்க மனைவி பத்தி ஒரு வார்த்தை இல்ல. நீங்க கடல்ல இருந்த மாசமெல்லாம் ஸ்கூல் ஃபீஸ்ல இருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் பாத்தது அவங்கதானே, மனை வேணுமா வேணாமான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா? உங்களுக்கு அப்புறம் அவங்களுக்கு சாதாரண ஃபேமிலி பென்ஷன் 30 சதவீதம், அதாவது 2 லட்சத்துல 60,000, மேல டிஆர், நீங்க கம்யூட் பண்ணதால இதுல ஒரு பைசா குறையாது. ஆனா ஸ்பர்ஷ்ல (முப்படை பென்ஷனுக்கான ஆன்லைன் தளம்) அவங்க பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் அவங்கதான் ஆபீஸ் ஆபீஸா அலையணும். இன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அந்த ரெண்டையும் ஒத்துப் பாருங்க, தப்பு இருந்தா யூனிஃபார்ம்ல இருக்குறப்பவே திருத்திடுங்க.