ரிப்போர்ட்டில் 2 சென்டிமீட்டர், தரையில் 40 சென்டிமீட்டர்: ட்ரோன் ஆர்த்தோவில் எதை நம்புவது?

கேள்வி: திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் 90 ஏக்கரில் லேஅவுட் போடுவதற்காக ட்ரோன் சர்வே எடுக்கக் கொடுத்தோம். 110 மீட்டர் உயரத்தில் பறந்து, ஒரு பிக்சலுக்கு 3 சென்டிமீட்டர் என்று ஆர்த்தோ படம் (ட்ரோன் படங்களை ஒட்டி, வரைபடம் போல அளக்கும்படி நிமிர்த்தியது) கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஆர்எம்எஸ் பிழை (எல்லாப் புள்ளிகளின் பிழைக்கும் சேர்த்துப் போடும் ஒருவகைச் சராசரி) 2.1 சென்டிமீட்டர். ஆனால் நான் டிஜிபிஎஸ் ரோவரோடு (சென்டிமீட்டர் அளவுக்கு இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி) போய் ஆறு இடங்களில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. டோட்டல் ஸ்டேஷனில் (தரையில் நிறுத்தித் தூரமும் கோணமும் அளக்கும் கருவி) 182.40 மீட்டர் வந்த எல்லை, படத்தில் 182.56 காட்டுகிறது. ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடி மூலை, சுவர் மூலையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வெளியே கிடக்கிறது. படமே தப்பா? பில்லை பாஸ் பண்ணலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனி சமாச்சாரம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் படமே கோணல் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். சுலபமானதிலிருந்து வருகிறேன்.

மொட்டைமாடி மூலை. ட்ரோன் நேர் கீழே பார்த்துப் படம் எடுத்தாலும், படத்தின் நட்டநடுவில் இருப்பது மட்டும்தான் நேராகத் தெரியும். மற்றதெல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாயும். எவ்வளவு சாயும் என்பது எளிய கணக்கு. படம் எடுத்த புள்ளிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து வீடு 25 மீட்டர் தள்ளி இருக்கிறது, கூரை 7 மீட்டர் உயரம், பறந்தது 110 மீட்டர் என்றால், 25-ஐ 7-ஆல் பெருக்கி 103-ஆல் வகுக்க வேண்டும். 1.7 மீட்டர் வருகிறது. நீங்கள் பார்த்தது இதுதான். ஆர்த்தோ என்பதே இந்தச் சாய்வை நிமிர்த்தி எடுத்த படம்தானே என்று கேட்பீர்கள். நிமிர்த்துவதற்கு மென்பொருளுக்கு ஓர் உயர மாதிரி வேண்டும். வெறும் தரையின் உயரத்தை வைத்து நிமிர்த்தினால் தரை, ரோடு, வரப்பு எல்லாம் சரியான இடத்துக்கு வரும், வீடும் தென்னையும் சாய்ந்தபடியே நிற்கும். கூரை, மர உச்சி எல்லாம் அடங்கிய மேற்பரப்பு மாதிரியை வைத்துச் செய்தால்தான் கூரை தன் இடத்துக்கு வரும். அதற்கு ட்ரூ ஆர்த்தோ என்று பெயர், செலவும் கூடுதல். அதிலும் கூரை ஓரங்கள் எலி கடித்த மாதிரி வருவது உண்டு.

உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. கட்டடத்தை வரையும்போது கூரையைத் தொடாமல், சுவர் தரையில் பதியும் கோட்டை வரையச் சொல்லுங்கள். படத்தில் கட்டடத்தின் இரண்டு பக்கமாவது அடி தெரியும். தெரியாத பக்கத்தை டேப் வைத்து அளந்து முடித்துவிடலாம். சன்ஷேடை வீட்டின் எல்லையாக வரைந்து, பிறகு பக்கத்து மனைக்காரரோடு சண்டைக்கு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த 16 சென்டிமீட்டர். இங்கே படத்தின் மேலும் தப்பில்லை, உங்கள் டோட்டல் ஸ்டேஷன் மேலும் தப்பில்லை. படம் யுடிஎம் என்கிற கோஆர்டினேட் சட்டகத்தில் இருக்கிறது. அது பூமியை நெடுக்குவாக்கில் மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்குவது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிப்பதால், மண்டலத்தின் நடுக்கோட்டில் நீளம் கொஞ்சம் சுருங்கும், ஓரத்தில் கொஞ்சம் நீளும். நடுக்கோட்டில் 1,000 மீட்டர் 999.6 ஆகிறது. உங்கள் இடமோ சரியாக ஓரத்தில் மாட்டியிருக்கிறது. 43-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு காசர்கோட்டை ஒட்டிப் போகும் 75 டிகிரி. அதன் கிழக்கு எல்லையான 78 டிகிரி திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் கிழக்கே ஓடுகிறது. மதுரைக்குப் போனால் 44-ஆம் மண்டலம் வந்துவிடும். இந்த ஓரத்தில், தரையின் உயரத்தையும் கணக்கில் எடுத்தால், 100 மீட்டருக்கு 8.7 சென்டிமீட்டர் அளவுக்குப் படத்தில் கூடும். 182.40-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 சென்டிமீட்டர் வரும்.

ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் அளக்கும் கருவியில் கார்ட்டீசியன் (தட்டையில் அளப்பது), எலிப்சாய்டல் (பூமியின் வளைவில் அளப்பது) என்று இரண்டு தேர்வு இருக்கும். இரண்டாவதை வைத்து அதே எல்லையை அளந்தால் 182.40-ஐ ஒட்டி வந்து நிற்கும். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பரப்பளவில் இது இரட்டிப்பாகும். 90 ஏக்கரில் 15 சென்டுக்கு மேல் காகிதத்தில் கூடிவிடும். அந்தக் கணக்கை வைத்து மனை பிரித்தால், கடைசி மனைக்காரருக்குக் கொடுக்கத் தரையில் இடம் இருக்காது. லேஅவுட் வரைபடத்தைத் தரை அளவுக்கு மாற்றி, எந்தப் பெருக்குக் காரணியால் மாற்றினோம் என்பதை வரைபடத்தின் மூலையிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூலப் படத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். ஆர்த்தோவைப் புலப்படத்தின் (அரசு சர்வே வரைபடத்தின்) அளவுக்கு இழுத்துப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அப்படி இழுத்தபின் எது யாருடைய பிழை என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இப்போது 40 சென்டிமீட்டருக்கு வருவோம். மூன்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான்.

நீங்கள் அனுப்பிய ஆறு புள்ளிகளில் படத்தின் அளவிலிருந்து தரை அளவைக் கழித்தால், கிழக்குத் திசையில் −0.29, −0.33, −0.31, −0.30, −0.32, −0.31 மீட்டர். வடக்குத் திசையில் −0.27, −0.24, −0.26, −0.27, −0.25, −0.27. இதை அப்படியே ஆர்எம்எஸ் சூத்திரத்தில் போட்டால் 40.5 சென்டிமீட்டர் என்று ஒற்றை எண் வரும், படம் மோசம் என்று முடிவு கட்டிவிடுவோம். எண்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆறும் ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு. கிழக்குச் சராசரி −0.31, வடக்குச் சராசரி −0.26. இந்தச் சராசரியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 1.7 சென்டிமீட்டர்தான். அதாவது படம் தனக்குள் கச்சிதமாக இருக்கிறது, மொத்தமாகத் தென்மேற்கே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மேசைவிரிப்பைச் சுருக்கம் இல்லாமல் விரித்துவிட்டு, மேசையில் ஓர் ஓரமாகத் தள்ளிவைத்த மாதிரி.

பிழை ஆளுக்கொரு திசையில் சிதறியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு படியாமை, ஷட்டர் கோளாறு, தரையில் போட்டுக் காற்றில் நகர்ந்த குறி என்று. ஒரு மூலையில் மட்டும் பெரிதாக இருந்தால் அங்கே கட்டுப்பாட்டுப் புள்ளி (தரையில் அளந்து மென்பொருளுக்குக் கொடுக்கும் புள்ளி) வைக்காமல் விட்டிருப்பார்கள். ஆறும் ஒரே பக்கம் என்றால், ஆதாரப் புள்ளியின் கோஆர்டினேட்தான் முதல் சந்தேகம்.

அவர்கள் பக்கத்தில் உள்ள ஒரு பழைய கான்கிரீட் தூணின் கோஆர்டினேட்டை எடுத்துக்கொண்டு பேஸ் (ரோவருக்கு ஆதாரமாக ஓரிடத்தில் நிற்கும் ஜிபிஎஸ் கருவி) வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உங்கள் பேஸின் தரவை இணையச் சேவையில் ஏற்றி, இன்றைய தேதிக்கான கோஆர்டினேட் வாங்கியிருக்கிறீர்கள். இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது, வடக்கைவிடக் கிழக்கே கொஞ்சம் அதிகமாக. தூணின் எண்கள் ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய நிலைக்கானவை என்றால், உங்கள் வித்தியாசத்தின் அளவு, திசை இரண்டுமே பொருந்திப்போகின்றன. இது என் ஊகம்தான். உறுதி செய்ய வழி இருக்கிறது. அந்தத் தூணின் மேலேயே உங்கள் ரோவரை வைத்து எடுங்கள். அங்கேயும் இதே 31-ம் 26-ம் வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் அவர்கள் பேஸ் அமைத்ததில் ஏதோ பிசகு.

எது சரி என்று கேட்டால், எதோடு பொருத்தப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லேஅவுட் உள்ளே மனை பிரிக்க மட்டும் என்றால் நகர்வு பாதிக்காது. நாளைக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் நிலையான ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்) நிலையங்களை வைத்து எடுத்த அளவோடு இதைப் பொருத்த வேண்டியிருந்தால், அந்தச் சட்டகத்துக்கும் அந்த ஆண்டுக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும். படத்தை மட்டும் நகர்த்திக் கொடுத்தால் போதாது. புள்ளிமேகம் (படங்களிலிருந்து எடுத்த முப்பரிமாணப் புள்ளிகள்), உயர மாதிரி, கணினியில் வரைந்த கேட் வரைபடம் எல்லாம் சேர்ந்து நகர வேண்டும். திருத்திய கோஆர்டினேட்டைப் போட்டு மறுபடி ஓட்டித் தரச் சொல்வதுதான் சுத்தம்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் உள்ள 2.1? பொய்யில்லை, ஆனால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள், அது கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பிழை என்று இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்துத்தான் மென்பொருளைப் பொருத்தவே வைத்தார்கள். விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் எல்லாரும் பாஸ்தான். சோதனைக்கு மென்பொருள் கண்ணிலேயே படாத புள்ளிகள் வேண்டும். இன்னொன்று: சோதனைப் புள்ளி என்று தனியாக ரிப்போர்ட்டில் போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் படங்களைப் பொருத்தும் கட்டத்தில் கணக்கிட்டது. உங்களுக்குக் கைக்கு வரும் டிஃப் படக் கோப்பு அதற்குப் பிறகு உயர மாதிரி, ஒட்டு வேலை எல்லாம் தாண்டி வருகிறது. அதனால் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே அளக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள், நல்லது.

எத்தனை சோதனைப் புள்ளி? அமெரிக்க ஒளிப்பட அளவை, தொலையுணர்வுச் சங்கத்தின் 2014 தரநிலை குறைந்தது 20 கேட்டது. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு 30 ஆக்கியது. 90 ஏக்கருக்கு முப்பது வைக்க யாரும் மனசார ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உங்கள் சொந்தத் திருப்திக்குப் பன்னிரண்டு போதும் என்பது என் கருத்து. அந்தத் தரநிலைப்படி சோதித்தோம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். இடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்பகுதியிலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு புள்ளி வருமாறு வையுங்கள். நட்டநடுவில் ஒன்று கட்டாயம் வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எல்லையோரமாக மட்டும் வைத்துப் பறந்தால், லென்ஸ் கணிப்பில் வரும் பிழையால் நடுப்பகுதி கிண்ணம் மாதிரி குழியவோ குமிழவோ செய்யும். கிடையளவில் அது தெரியாது, உயரத்தில்தான் மாட்டும். மழைநீர் வடிகால் சரிவை இந்தப் படத்தின் உயரத்தை வைத்துப் போடப்போகிறீர்கள் என்றால் உயரத்தைத் தனியாகச் சோதியுங்கள். ஜிபிஎஸ் கொடுக்கும் உயரம் கடல்மட்ட உயரம் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். நம் பக்கத்தில் இரண்டுக்கும் 90 மீட்டர் அளவுக்கு வித்தியாசம். சென்னைக் கடற்கரையில் நின்றால் ரோவர் மைனஸில் காட்டும்.

குறி விஷயத்துக்கும் வருகிறேன், பாதிப் பிழை அங்கேதான் பிறக்கிறது. சுண்ணாம்பில் பெருக்கல்குறி போடுவது நம் ஊர் வழக்கம். பறப்பதற்குள் காற்று ஒரு கையைக் கலைத்துவிடும், ஆடு ஒன்று நடுவில் நடந்து போகும். படத்தைப் பெரிதாக்கினால் வெள்ளைத் திட்டுதான் தெரியும். நானும் என் உதவியாளரும் ஒரே குறியின் நடு எது என்று தனித்தனியாகக் குறித்துப் பார்த்தோம். ஒரு பிக்சலுக்கு மேல் வித்தியாசம், அதாவது 3 சென்டிமீட்டர் அங்கேயே போய்விட்டது. கறுப்பு-வெள்ளைக் கட்டம் அச்சடித்த, அரை மீட்டருக்குக் குறையாத தகடு வையுங்கள், நான்கு மூலையிலும் ஆணி அடியுங்கள். நடுவில் நான்கு கட்டம் சேரும் முனை கூர்மையாகத் தெரியும். ரோவர் கம்பியின் குமிழையும் சரிபாருங்கள். ஒருமுறை கம்பியை 1.8 மீட்டருக்கு இறக்கி வைத்துவிட்டு, கருவியில் 2 என்றே விட்டு ஒரு நாள் முழுக்க அளந்தேன். தரை 20 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது, மூன்று நாள் ட்ரோன்காரரைத் திட்டினேன்.

உங்கள் ரோவருக்கே 2 சென்டிமீட்டர் அளவுக்குத் தடுமாற்றம் உண்டு. ஆகவே அதை வைத்து 2 சென்டிமீட்டர் துல்லியத்துக்குச் சான்று கொடுக்க முடியாது. சோதனை அளவின் பிழையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது 2023 பதிப்பு. பிக்சல் அளவையே துல்லியம் என்று எண்ணிவிடவும் கூடாது. 3 சென்டிமீட்டர் பிக்சலில் கிடையளவு 3 முதல் 6 சென்டிமீட்டர் வந்தால் நல்ல வேலை என்று எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒரு கண்பார்வைச் சோதனை. காம்பவுண்டுச் சுவர், தார்ரோட்டின் ஓரம், வாய்க்கால் கரை இவற்றை முழு அளவில் பெரிதாக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். எங்காவது கோடு உடைந்து அரை அடி தள்ளித் தொடங்கினால் அது இரண்டு படங்கள் ஒட்டிய இடம். அதைத் திருத்தச் சொல்லுங்கள். தென்னந்தோப்புக்குள் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஓலைக்குக் கீழே தரை தெரியாது, அங்கே டோட்டல் ஸ்டேஷன்தான்.

பில்? முழுதாக நிறுத்த வேண்டாம், வேலை யோக்கியமாகவே நடந்திருக்கிறது. ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு, தூணின் கோஆர்டினேட் எந்தச் சட்டகம், எந்த ஆண்டு என்பதை எழுத்தில் கேளுங்கள். திருத்திய கோப்புகள் வந்ததும் அதே ஆறு இடங்களையும், கூடவே புதிதாக ஆறையும் சோதித்துவிட்டு மீதியைக் கொடுங்கள். ஆனால் தோட்டத்தில் உழவு ஓட்டப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். குறி போட்ட இடங்களில் இன்றைக்கே இடத்துக்கொரு இரும்புக் கம்பியை ஓரடி ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள், டிராக்டர் வந்தபின் தேட முடியாது.