புறாமலையில் தூண்டில் போடலாமா?

திருகோணமலைக்கு வந்து, நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவில் செயற்கை ஈ கட்டிய தூண்டில் வீசலாமா, ஊர் வாழ்க்கையையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தூண்டில் கூடவே கூடாது. 2003 முதல் அது தேசியப் பூங்கா. பவளப்பாறையில் தயவுசெய்து கால்கூட வைக்காதீர்கள், அதற்கு உயிர் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி; நீந்திப் பார்க்கலாம்.

மீன்பிடிதான் ஆசை என்றால் விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, கயிற்றைச் சேர்ந்து இழுப்பார்கள். வலையில் மீன் சேரும் பையான மடி கரையேறும்போது நெத்தலியும் சூடையும் பளபளவென்று துள்ளும். கேட்டுவிட்டு நீங்களும் ஒரு கை பிடியுங்கள். அப்புறம் மாலைப் பூசைக்குக் கோணேஸ்வரம் ஏறுங்கள்.