ஏரிக்கரைக் குளிரை நம்பி வீடு வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மதுரை வெயில் இனி தாங்காது, கொடைக்கானல் ஏரிக்கு அருகில் வீடு வாங்கிக் குடியேறிவிடலாம் என்கிறார். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே போய்வரும் என் நாத்தனார், அதைப் போன்ற சுகமான இடம் வேறெங்கும் இல்லை என்கிறார். அங்கே இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த என் தம்பியோ, வெயிலைப் பார்க்காமலே மனம் வெறுத்துப்போனது என்கிறான். எனக்கு 58 வயது. முழங்கால் வலியும் அவ்வப்போது மூச்சிரைப்பும் உண்டு. யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், சகோதரி. உங்கள் நாத்தனார் மே மாதத்தைச் சொல்கிறார். உங்கள் தம்பி நவம்பரைச் சொல்கிறார். கொடைக்கானலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், எந்த மாதம், எந்த வேளை, ஊரின் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் கேட்ட பிறகே அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது, அந்த ஊரில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த எனக்குக் கிடைத்த பாடம்.

மே மாதத்துக் கொடைக்கானலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருப்பதால், மதுரை 38 டிகிரியில் வேகும்போது அங்கே பகலில் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிகள் மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி வீடு கட்டிக்கொண்டதும் இதே காரணத்தால்தான். உங்கள் கணவரின் ஆசைக்கு ஏறக்குறைய 180 ஆண்டுப் பாரம்பரியம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தில் உறவினர் எல்லோரும் அதே ஆசையோடு உங்கள் வீட்டுக்கே வந்து இறங்குவார்கள் என்பதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

நவம்பர் வேறு. தென்மேற்குப் பருவமழையும் அங்கே ஓரளவு பெய்யும் என்றாலும், ஊரை நனைத்து ஊறவைப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். காலையில் சற்று வெளுக்கும். மதியத்துக்குள் மேகம் தெருவுக்கே இறங்கிவிடும். மூன்று மணிக்கு விளக்கைப் போட வேண்டியிருக்கும். துவைத்த புடவை நான்கு நாளானாலும் காயாது. அலமாரியில் செருப்பும் தோல்பையும் பச்சைப் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். உப்பு கசிந்து, தீப்பெட்டி நமுத்து, அப்பளம் துவண்டுபோகும். எனக்கு அந்த ஊரில் பிடிக்காத மாதம் இது ஒன்றுதான். ஆனால் பிடிக்காததை அவ்வளவு ஆழமாக வெறுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குளிரைக் கம்பளியால் தடுத்துவிடலாம். ஈரத்தைத் தடுக்க எந்தத் துணியும் இல்லை. உங்கள் மூச்சிரைப்புக்குக் குளிரைவிட இந்தப் பூஞ்சணம் ஆகாது என்பதே என் அச்சம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த மாதம் ஜனவரி. இரவில் 8 டிகிரிக்கும் கீழே இறங்கினாலும், வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். 1899-இல் அந்த ஊரில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது 1909-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் என்று அறிந்தபோது, அந்த மாதத்து வானத்தை மெச்சுவதில் எனக்குப் பெரிய துணை ஒன்று கிடைத்ததாக மகிழ்ந்தேன். அந்தக் காலை வெயிலில் சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரும் சுகத்துக்கு ஈடில்லை. சுடாத வெயில் என்று நம்பி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும் என்பது மட்டும் கவனத்தில் இருக்கட்டும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர் கூடுதலாக விழும்.

இனி ஏரிக்கரைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கணவர் தவறுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஏரி, 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ் ஓடையை மறித்து உண்டாக்கியது. சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். தெளிந்த இரவுகளில் மேட்டில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலவே வழிந்து வந்து அந்தப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் டிசம்பர், ஜனவரி விடியலில் ஏரியோரப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, ஏரியைவிட உயரமான சரிவில் இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளி மட்டும் இருக்கும். பார்ப்பதற்கு ஏரிக்கரை; படுப்பதற்கு மேடு. நான் முதல் இரண்டு ஆண்டுகள் ஏரியை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கிழக்குப் பார்த்த சரிவில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறியபோது, ஊரையே மாற்றிக்கொண்டதுபோல் இருந்தது. மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடுகிற ஊரில், காலை வெயில் நேராக உள்ளே விழாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை ஆண்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மலை ஊரின் குளிரை அனுபவிப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவராக இருப்பார். தண்ணீர் அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நெடுநேரமாகும். பாத்திரம் கழுவும் தண்ணீர் விரலைக் கடிக்கும். வீட்டைச் சுற்றி எங்கு போனாலும் ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது.

ஆகவே, வீடு வாங்கும் பேச்சை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். வரும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, அவர் விரும்பும் அதே ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருவரும் தங்குங்கள். அந்த இரண்டு மாதமும் துணி துவைத்து உலர்த்தும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.