தெளிவாக இருந்த மருந்துக் கரைசல் நீர் சேர்த்ததும் ஏன் கலங்குகிறது?

கேள்வி: என் ஆய்வில் உள்ள மருந்து 1 மி.லி. நீரில் 0.1 மி.கி. மட்டுமே கரைகிறது. பாதி நீர், பாதி புரோப்பிலீன் கிளைக்கால் (நீரோடு கலக்கும் ஒரு கரைப்பான்) சேர்ந்த கலவையில் 10 மி.கி. வரை கரைகிறது. அந்தக் கலவையில் மி.லி.க்கு 5 மி.கி. போட்டேன், பளிச்சென்று கரைந்தது. உப்புநீர் ஊற்றிப் பத்து மடங்கு நீர்த்ததும் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. கிளைக்காலைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஏன் என்பதை உங்கள் எண்களே காட்டுகின்றன.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. எண்ணெய்த்தன்மை உள்ள மருந்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. கிளைக்கால் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஆனால் கரைதிறன் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது; அதன் மடக்கைதான் நேர்கோட்டில் ஏறும். 50 சதவீதத்தில் 100 மடங்கு என்றால், ஒவ்வொரு 25 சதவீதத்துக்கும் 10 மடங்கு. இறங்கும்போதும் அதே வேகம்தான்.

பத்து மடங்கு நீர்த்தால் மருந்து 0.5 மி.கி. ஆகிறது, கிளைக்கால் 5 சதவீதமாகிறது. அந்தக் கலவை தாங்குவது சுமார் 0.16 மி.கி. மிச்சம் வீழ்படிவாகிறது. கிளைக்காலை 70 சதவீதமாக்கினாலும், நீர்த்த பிறகு அது 7 சதவீதம்தான், கரைதிறன் 0.19-ஐத் தாண்டாது. அதே கரைசலை நூறு மடங்கு நீர்த்துப் பாருங்கள்: மருந்து 0.05 மி.கி.தான், வெறும் நீரே அதைத் தாங்கும். ஆபத்து இடைப்பட்ட நீர்ப்பில்தான். டயஸெபாம் ஊசிமருந்தில் 40 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்காலும் 10 சதவீதம் எத்தனாலும் உண்டு. அதுவும் நீர் சேர்ந்தால் இப்படிக் கலங்கக்கூடியதுதான்.

இந்த மடக்கை நேர்கோட்டுக் கணக்கு உத்தேசம்தான், பல மருந்துகளில் கோடு வளையும். அதனால் கிளைக்கால் 0, 10, 20 சதவீதம் என்று ஒவ்வொரு விகிதத்திலும் மருந்தை மிகையாகப் போட்டு, 25 டிகிரியில் குலுக்கி, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவரும் வரை காத்திருங்கள். ஒரு நாள் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அப்புறம் வடிகட்டி அளவிடுங்கள். சூடாக்கிக் கரைத்துவிட்டு ஆறியதும் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அதில் ஒரு துளி மருந்துப் படிகம் போட்டு வையுங்கள். படிகம் வளர்ந்தால் அது மிகைநிறைவுற்ற கரைசல், அதாவது தாங்கும் அளவுக்கு மேல் மருந்து தற்காலிகமாகக் கரைந்திருக்கும் கரைசல்.

மருந்து அமிலமோ காரமோ என்றால், கிளைக்காலுக்கு முன் பிஎச் மாற்றிப் பாருங்கள். அயனியாகாத மருந்து என்றால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் (மருந்தைத் தன் குழிக்குள் பிடித்துக்கொள்ளும் வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு) நல்ல வழி: ஒன்றுக்கு ஒன்று பிணையும்போது கரைதிறன் நேர்கோட்டில் ஏறுவதால், நீர்க்கும்போது அது மருந்தை இப்படிக் கைவிடாது.

கரைப்பானும் உடலுக்குள் போகிறது என்பதை மறக்க வேண்டாம். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். இன்றும் அது கலப்படமாக வருகிறது. நோயாளிக்குப் போகும் எதிலும், வாங்கிய ஒவ்வொரு தொகுதிக் கிளைக்காலிலும் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.