பி.டி. பீரியடுக்கு மட்டும் வர்ற வயித்துவலி

கேள்வி: என் பையனுக்குப் பதிமூணரை வயசு, எட்டாவது படிக்கிறான். முன்னெல்லாம் ஸ்கூல்ல நடந்த எல்லாத்தையும் வந்து சொல்லுவான், இப்ப ஒரு வருஷமா ரூம் கதவைச் சாத்திக்கிறான். போன மாசம் கூடப் படிக்கிற பையனை அடிச்சு அவன் கண்ணாடியை உடைச்சுட்டான்னு ஸ்கூல்ல மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. என் வீட்டுக்காரர் 'ஆம்பளப் பையன்னா அப்படித்தான் இருப்பான்'னு முடிச்சுட்டார். மத்தபடி ஆரோக்கியமாத்தான் இருக்கான், பி.டி. பீரியட் இருக்கிற அன்னைக்கு மட்டும் வயித்துவலிம்பான், நானும் லெட்டர் எழுதிக் குடுத்துடுவேன். பொண்ணுங்களைத் தனியா உட்கார வச்சு ஸ்கூல்ல எல்லாம் சொல்லித் தர்றாங்க, பசங்களை யாரும் கண்டுக்கிறதில்ல. பசங்க நல்லபடியா வளர ஸ்கூல் என்னதான் செய்யணும்? வேற ஸ்கூல் மாத்திடலாமா?

பதில்:

எத்தனை லெட்டர்ம்மா எழுதியிருப்பீங்க? வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட்னு வச்சுக்கிட்டாலே ஒரு வருஷத்துல எழுபது எண்பது லெட்டர் வருது, அத்தனையிலயும் உங்க கையெழுத்து. கணக்குப் பரீட்சை அன்னைக்கு வராத வலி பி.டி. அன்னைக்கு மட்டும் டைம்டேபிள் பார்த்து வருதுன்னா அதுக்குக் காரணம் வயித்துல இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதினீங்க. ஏன்டா போக மாட்டேங்கிறேன்னு ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்து கேட்டீங்களான்னு உங்க கடிதத்துல தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல. ஆனா அதே வரியில 'ஆரோக்கியமாத்தான் இருக்கான்'னு எழுதியிருக்கீங்க.

கதவைச் சாத்திக்கிறது, பேச்சு குறையிறது, கைநீட்டுறது, இதெல்லாம் இந்த வயசுப் பையன் இருக்கிற வீடுகள்ல இருந்து எனக்கு வாரம் தவறாம வர்ற கடிதம்தான். அதுக்கு ஆறுதல் சொல்ல இன்னைக்கு நான் உட்காரல. அந்த லெட்டரைப் பத்தித்தான் பேசப் போறேன், ஏன்னா நீங்க கேட்ட கேள்வி மொத்தமும் அதுக்குள்ளதான் கிடக்கு.

நான் முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ, பி.டி.க்கு மட்டும் பயப்படுற பசங்களை நிறையப் பார்த்திருக்கேன். கிரவுண்டுல ரெண்டு டீம் பிரிக்கணும்னா ஒரு டீமைச் சட்டையைக் கழட்டச் சொல்ற சார்ங்க உண்டு, யார் எந்தப் பக்கம்னு பார்க்க அவங்களுக்கு அது வசதி, ஆனா அந்த வயசுல சட்டையைக் கழட்டுறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிக்கிறதே இல்ல. பசங்க உடம்புல மாற்றம் 9 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கும், அதனால ஒரே பெஞ்சுல ஒருத்தன் மீசை அரும்பி அப்பா உசரத்துக்கு நிப்பான், அவன் பக்கத்துல இருக்கிறவன் இன்னும் கீச்சுக் குரல்ல பேசுவான், ரெண்டு பேருமே சரியாத்தான் வளர்றாங்க, ஆனா அதை அவங்ககிட்ட சொல்ல ஆள் இல்ல. இன்னொண்ணு, உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, இந்த வயசுல ஏறக்குறையப் பாதிப் பசங்களுக்கு மார்பு லேசா வீங்கும். காம்புக்கு அடியில சின்னதா ஒரு கட்டி மாதிரி இருக்கும், தொட்டா வலிக்கும், சில பேருக்கு ஒரு பக்கம் மட்டும் வரும். ஹார்மோன் மாறுறதால வர்றது, பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள தானா அடங்கிடும். ஆனா பாத்ரூம்ல தனியா நின்னு அதைத் தடவிப் பார்க்கிற பையனுக்கு இது தெரியுமா? எனக்குக் கேன்சர் வந்துடுச்சு, நான் பொண்ணா மாறுறேன், இப்படித்தான் நினைச்சுக்கிட்டுக் குமுறுவான். வெயில்லயும் உள்ள ரெண்டு பனியன் போடுவான், தோளைக் குறுக்கிக்கிட்டு நடப்பான், பையை முதுகுல மாட்டாம நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்குவான். உங்க பையன் துவைக்கப் போடுற துணியில ஒரு நாளைக்கு எத்தனை பனியன் விழுதுன்னு நாளைக்கு எண்ணிப் பாருங்க.

இதேதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல. ஓடினா மூச்சு வாங்குதோ என்னவோ, டிரஸ் மாத்துற இடத்துல தாழ்ப்பாள் இல்லையோ என்னவோ, எவனாவது பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறானோ என்னவோ. ஆனா ஏதோ ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேர் சொல்லத் தெரியாம அவன் 'வயித்துவலி'ங்கிறான்.

இந்த வயித்துவலிங்கிற வார்த்தை என்னை ஏன் இவ்வளவு உலுக்குதுன்னு சொல்லணும். என் கிளாஸ்ல ஒரு பையன், பதினாலு வயசு, கடைசி பெஞ்சுல குனிஞ்சே உட்கார்ந்திருந்தான். பக்கத்துல போனேன், நெத்தியெல்லாம் வேர்வை, டெஸ்க் விளிம்பை அழுத்திப் பிடிச்சதுல விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. என்னடான்னேன், 'வயித்துவலி மிஸ்'னான். போய்ப் படுத்துக்கோன்னு சிக் ரூமுக்கு அனுப்பிட்டு நான் பாடம் நடத்தப் போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான் சுருண்டு கிடந்திருக்கான். ராத்திரி வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்பதான் தெரிஞ்சது, விரை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டமே நின்னு போச்சுன்னு. அந்த மாதிரி ஆச்சுன்னா 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணாத்தான் காப்பாத்த நல்ல வாய்ப்பு, இவனுக்குப் பன்னெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு, ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. (ஒண்ணு இருந்தாலே போதும், கல்யாணம் குழந்தைன்னு எல்லாம் நடக்கும், அவனுக்கும் நடந்தது.) அப்புறமா அவன்கிட்ட கேட்டேன், எங்க வலிக்குதுன்னு ஏன்டா சொல்லலன்னு. 'அந்த இடத்தை என்னன்னு சொல்றதுன்னு தெரியல மிஸ், மிஸ்கிட்ட எப்படிச் சொல்றது'ன்னான். எட்டு ஒன்பது வருஷமா எங்க கையில படிச்ச பையனுக்குத் தன் உடம்புல ஒரு இடத்தோட பேரைச் சபையில சொல்ற மாதிரி நாங்க யாரும் சொல்லித் தரல. என் தப்பும் அதுல இருக்கு, அன்னைக்கு நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்.

ஸ்கூல் என்ன செய்யணும்னு கேட்டீங்கல்ல, முதல்ல இதைச் செய்யணும். பொண்ணுங்களைத் தனியா உட்கார வச்சுப் பேசுறப்ப பசங்களைப் பந்து குடுத்து வெளிய அனுப்புறாங்க பாருங்க, அதை நிறுத்தணும். பசங்களுக்கும் அந்த கிளாஸ் வேணும், அதுவும் பத்து பதினோரு வயசுலயே வேணும். மீசை வந்ததைப் பார்த்துட்டுச் சொல்லிக்கலாம்னா அது லேட், ஏன்னா பையன் உடம்புல முதல் மாற்றம் விரை பெருக்கிறதுதான், மீசையெல்லாம் ரொம்பப் பின்னாடி வர்றது. குரல் உடையும், தூக்கத்துல விந்து வெளியாகும், அது நோயில்ல, தப்பில்ல, எந்த வலிக்கு உடனே ஓடி வந்து சொல்லணும், எல்லாத்தையும் வெட்கப்படாத ஒரு ஆம்பள சாரோ டாக்டரோ நின்னு நேராச் சொல்லணும். பொண்ணுங்களோட மாதவிடாயையும் பசங்களுக்குச் சொல்லணும், சொல்லாம விட்டா அதை வச்சுத்தான் கேலி பண்ணுவாங்க. நீங்களும் சொல்லாம ஸ்கூலும் சொல்லாம விட்டா அவன் கையில இருக்கிற போன் சொல்லிக் குடுக்கும், அது எதைச் சொல்லிக் குடுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது, அந்த பி.டி. சார். எண்பது லெட்டர் வாங்கி ஃபைல்ல போட்டாரே, அவரும் உங்களை மாதிரியேதான் ஒரு கேள்வி கேக்கல. 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் உடம்பு வேர்க்க அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இவன் ஒரு வருஷமா மரத்தடியில உட்கார்ந்திருக்கான். நல்லா ஓடுறவனை வச்சு டீம் நடத்துறது பெரிய வேலை இல்ல, ஓடாம ஒதுங்குறவனைக் கண்டுபிடிச்சு உள்ள கொண்டு வர்றதுக்குத்தான் பி.டி. சார் வேணும். சட்டையைக் கழட்டாம கலர் துணி கட்டி டீம் பிரிக்கலாம், டிரஸ் மாத்துற இடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் போடலாம், அழுற பையனைப் பார்த்து 'பொட்டச்சி மாதிரி'ன்னு சொல்ற வாயை மூடலாம். இதுக்கெல்லாம் பெருசா செலவும் கிடையாது.

இப்ப அந்த அடிதடிக்கு வரேன். அடிச்சது தப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கண்ணாடிக்காரப் பையன் அடி வாங்குறதுக்கு முன்னாடி என்ன சொன்னான்னு யாராவது கேட்டாங்களா? ஸ்கூல் கேக்கல, மூணு நாள் வீட்டுல உட்காருன்னு அனுப்பிட்டாங்க. அந்த மூணு நாள்ல அவன் என்ன கத்துக்கிட்டான்? பசங்களை யாரும் கண்டுக்கிறதில்லன்னு எழுதியிருக்கீங்க, அது முழுசா உண்மை இல்ல. 2022-ல யுனெஸ்கோ பசங்க ஏன் படிப்பை விட்டு விலகுறாங்கன்னு அவங்களைப் பத்தியே ஒரு அறிக்கை போட்டுச்சு, ஸ்கூலுக்குப் போக வேண்டிய வயசுல 13.2 கோடிப் பசங்க வெளிய இருக்காங்கன்னு அதுல இருக்கு. வறுமை, வேலைக்குப் போறதுன்னு காரணங்களோட கடுமையான தண்டனையும் அடியும், ஆம்பளைன்னா இப்படித்தான்னு ஊர் போட்டு வச்சிருக்கிற கணக்கும் அவங்களை வெளிய தள்ளுதுன்னு சொல்றாங்க. அதனால தண்டனை குடுக்கிற ஸ்கூல், அதுக்கு முன்னாடி உட்கார வச்சு விசாரிக்கவும் செய்யணும், தப்புப் பண்ணவன் அதைச் சரி பண்ற வழியையும் காட்டணும். ஒவ்வொரு பையனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு 'என்னடா ரெண்டு நாளா முகம் சரியில்ல'ன்னு கேக்கிற ஒரே ஒரு பெரிய ஆள் அந்த பில்டிங்குக்குள்ள இருந்தாப் போதும், பாதிச் சண்டை வராது.

இதெல்லாம் ஸ்கூல் வேலை. வீட்டு வேலை யாருது? உங்க கடிதத்துல அவன் அப்பா ஒரே ஒரு வரியிலதான் வர்றார், அந்த வரியும் 'ஆம்பளப் பையன்னா அப்படித்தான்'. அவர் இந்த வயசைத் தாண்டி வந்தவர்ம்மா. அவருக்கும் குரல் உடைஞ்சது, அவரும் பயந்திருப்பார், அதைத் தன் மகன்கிட்ட வந்து சொல்ல வேண்டியது அவர் கடமை. ஃபீஸ் கட்டுறதோட அப்பா வேலை முடிஞ்சதுன்னு எவன் சொன்னது? உலகம் முழுக்கத் தற்கொலையில போறவங்கள்ல ஆம்பளைங்க கணக்கு பொம்பளைங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல, 'ஆம்பளை வலியை வெளிய சொல்லக்கூடாது'ன்னு பழக்கி வளர்க்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அவர் சொல்லட்டும் பார்ப்போம். நீங்களும் எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டு அவருக்குப் பதிலாப் பேசுறதை நிறுத்துங்க, இந்தக் கடிதத்தைக்கூட ரெண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்கணும்.

ஸ்கூல் மாத்த வேண்டாம். காரணம் என்னன்னே தெரியாம மாத்தினா புது ஸ்கூல்லயும் ஒரு கிரவுண்ட் இருக்கும், நீங்க மறுபடி லெட்டர் எழுதுவீங்க. அடுத்த பி.டி. நாளுக்கு முந்தின ராத்திரி அவர் அவன் ரூமுக்குப் போகட்டும், நீங்க போகாதீங்க. நேருக்கு நேர் உட்கார வச்சு விசாரணை மாதிரி வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்து 'உன் வயசுல எனக்கும் சட்டையைக் கழட்டப் பிடிக்காது'ன்னு தன் கதையில ஆரம்பிக்கட்டும், அன்னைக்கே அவன் வாயைத் திறக்கணும்னு இல்ல, நாலு ராத்திரி ஆனாலும் போகட்டும். ரொம்ப நேரம் இழுக்காதீங்க, இந்த வயசுக்கு 8-ல இருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும். மார்பு வீக்கமோ வேற எதுவோ தெரிய வந்தா ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அவர் சொன்னா அவன் நம்புவான். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் போய் பி.டி. சாரைப் பாருங்க, சண்டைக்குப் போகாதீங்க, இத்தனை நாள் நான் காரணம் கேக்காமலே லெட்டர் எழுதினேன்னு நீங்களே முதல்ல சொல்லிட்டு, அவனை எப்படி உள்ள கொண்டு வரலாம்னு கேளுங்க.

அந்த உடைஞ்ச கண்ணாடிக்குக் காசு குடுத்தீங்களான்னும் நீங்க எழுதல. இந்த ஞாயித்துக்கிழமை அவனும் அவன் அப்பாவும் அந்தப் பையன் வீட்டுக்குப் போகட்டும், காசை அவன் கையாலேயே குடுக்கட்டும், அடிச்சதுக்கு மன்னிப்பும் அவன் வாயாலேயே கேக்கட்டும். அப்பா பக்கத்துல நின்னாப் போதும், அவனுக்காக எதுவும் பேச வேண்டாம்.