சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தானே வேலை, அதற்கு ஏன் சம்பளம்?

கேள்வி கேட்டவர் சபைக் கமிட்டிக்குப் புதிதாக வந்தவராக இருக்கலாம். சம்பளம் கூட்டிக் கேட்ட ஆர்கனிஸ்ட்டுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். இதே கேள்வியை ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டார். அப்பா "சரிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொல்லாத பதிலை நான் சொல்கிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் 38 வருஷம் ஆர்கன் வாசித்தார் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்). பிழைப்புக்கு ஆரம்பப் பள்ளி வாத்தியார், ஊரில் எல்லோருக்கும் சார்வாள். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

அது காலால் மிதிக்கிற பழைய ஆர்கன். மழைக்காலம் வந்தால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை மத்தியானம் கோயில் குட்டியாரிடம் (கோயிலைப் பார்த்துக்கொள்கிற பணியாளர்) சாவி வாங்கி, பின்பலகையைக் கழற்றி, காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்புகிற பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாக உருவி, பழைய பல் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். துருத்தியை எலி கடித்திருந்தால் சைக்கிள் டியூபை வெட்டி சொல்யூஷன் தடவி ஒட்டுவார். தம்பி மிதிப்பான், நான் டார்ச் பிடித்துக்கொண்டு காற்று எங்கே ஒழுகுகிறதென்று விரல் வைத்துக் காட்டுவேன். இந்த வேலை முடியவே மூன்று மணி நேரம் ஆகும். இது உங்கள் இரண்டு மணி நேரத்தில் சேராது, இல்லையா?

அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சி, பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை, கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை 4 மணி ஆராதனை, டிசம்பர் 31 நடுராத்திரி. சாவு வீட்டு அடக்க ஆராதனைக்கு நேரம் காலமே கிடையாது. சோறு பிசைந்த கையோடு எழுந்து போயிருக்கிறார்.

பாமாலைக்கு (மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு) நாலு குரலையும் ஸோல்ஃபாவில், அதாவது ஸ்வரங்களை எழுத்துகளாகக் குறிக்கிற முறையில், நோட்டில் எழுதி, அந்தந்தக் குரல்காரர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை என்றால் முறையே வேறு. ஆர்கன் கட்டையில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற நெளிவு) வராது என்பதால் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு பெண்களைப் பாட விட்டுவிடுவார். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்த ஆள் அவர். இன்று கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளத்தைப் போடுகிறார்களே, அது எனக்குத் தாங்கவில்லை.

குடும்பத்தை விட்டுவிட்டு ஊழியம் ஊழியம் என்று ஓடினாரா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. கடைசி நாலு வருஷம் அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார்கள். நான் சென்னையிலும் தம்பி வெளிநாட்டிலும் இருந்தோம். ஞாயிறு காலை 5 மணிக்கு எழுந்து, வெந்நீரில் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, தலை சீவிச் சடை பின்னி, இட்லியை ரசத்தில் ஊறவைத்து ஊட்டிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவார். ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்குப் பிடித்த ராகம் ஒன்றை ஒரு தடவை வாசித்துவிட்டு எழுந்திருப்பார். கோயில் ஸ்பீக்கர் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். அது கேட்டதும் அம்மாவின் பார்வை வாசல் பக்கம் திரும்பிவிடும். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாண ஆராதனையில் வீடியோக்காரர்கள் ஆர்கனிஸ்ட்டைப் பார்த்துக் கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். பொண்ணு மாப்பிள்ளை நடந்து வந்தது சரியாகப் பதியவில்லையாம், திரும்ப வாசிக்க வேண்டுமாம். ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது, சார்! ஐயர்மார்கூட (எங்கள் போதகர்களைச் சொல்கிறேன்) இதைக் கண்டிப்பதில்லை.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். "ஊழியத்துக்குக் கூலி கேட்கலாமா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் இசையமைப்பாளர் பாக் (Bach) கதையைப் படியுங்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக் கோயில்களின் இசையை 1723 முதல் 1750இல் சாகும்வரை பார்த்துக்கொண்டவர். பிறந்த பிள்ளைகள் 20 பேரில் பாதிப் பேரைப் பறிகொடுத்தவர். 1720இல் அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் முதல் மனைவி இறந்து, திரும்பி வரும்போது அடக்கமே முடிந்திருந்தது. அவர் 1730இல் ஒரு பழைய சிநேகிதருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைந்துவிடுகிறது, போன வருஷம் அடக்க வருமானத்தில் 100 தாலருக்கு (அந்தக் கால ஜெர்மன் காசு) மேல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பேராசை தெரியவில்லை. வீடு நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்த அப்பாதான் தெரிகிறார்.

எங்கள் அப்பாவும் கணக்கு எழுதினார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் ஸோல்ஃபா, பின்பக்கத்திலிருந்து வரவு செலவு. கோயில் சம்பளம் மாதம் 300 ரூபாய், கடைசி வருஷம் 1,500. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) கல்யாணம் கிடையாது என்பதால் வரவில் ஒன்றும் இருக்காது. மே மாதக் கல்யாணக் காசு ஜூனில் எங்கள் ஸ்கூல் ஃபீஸாகப் போயிருக்கும். அடக்கத்துக்கு மட்டும் அவர் காசு வாங்க மாட்டார். தேதி போட்டு "அடக்கம்" என்று எழுதி, எதிரே ஒரு கோடு இழுத்திருப்பார். அம்மாவின் அடக்கத்துக்கும் அவரேதான் வாசித்தார். அந்தத் தேதியும் அதே மாதிரி கோட்டோடு இருக்கிறது.

உங்கள் ஆர்கனிஸ்ட் கேட்டதைக் கொடுங்கள். அப்படியே ஆர்கனின் பின்பலகையை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், எலி துருத்தியைக் கடித்திருக்கும்.