வெளிநாட்டுப் பணமும் உள்ளூர்ப் போராட்டமும்

கே: வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு மறியலில் இறங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

ப: மறியல் செய்ததற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது. பந்த், சாலை மறியல், ரயில் மறியலை வழக்கமாக நடத்தும் அமைப்புகளை 'அரசியல் தன்மை உள்ளவை' என்று அறிவிக்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2011-ம் ஆண்டு விதிகள் இடம் தந்தன. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. கட்சி அரசியலில் தொடர்பில்லாத அமைப்பு, மக்கள் உரிமைக்காக மறியல் செய்தாலும் நன்கொடை பெறலாம்.

அமைப்புகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கணக்கு வழக்கில்தான். வெளிநாட்டுப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். அவசரத்துக்கு உள்ளூர்க் கணக்கில் வாங்கினால் அதுவே விதிமீறல். அந்தப் பணத்துக்கு வரும் வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு ரூபாய்கூட வராத ஆண்டிலும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும்.

இன்னொன்று, சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) வைத்திருந்தால் ஆகும். பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

கே: நாட்டின் இறையாண்மைக்கு இந்தக் கெடுபிடி தேவைதானே? (வாசகர், கோவை)

ப: கட்டுப்பாடு தேவைதான். 1953-ல் ஈரானில் பிரதமர் மொசாடெக் ஆட்சியைக் கவிழ்க்க, பத்திரிகைகளுக்கும் கூட்டம் சேர்க்கவும் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. பணம் இறைத்தது. ஆனால் 2012-ல் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னபோது, இடிந்தகரை மீனவர்கள் கேட்டது வேறு. உலையிலிருந்து வெளியேறும் சுடுநீர் மீன்வளத்தை என்ன செய்யும், விபத்து நேர்ந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்றார்கள். யார் பணம் கொடுத்திருந்தாலும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசின் கடமை.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றாகவும் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனங்களிடம் நிதி பெற்றதில் காங்கிரஸும் பா.ஜ.க.வும் சட்டத்தை மீறியதாக 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ல் மத்திய அரசு, இத்தகைய நிறுவனங்கள் அதில் வராதபடி 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையையே திருத்தியது. 2018-ல், பழைய நன்கொடைகளும் தப்பும்படி, அந்தத் திருத்தத்தை 1976 ஆகஸ்ட் 5 வரை முன்தேதியிட்டு நீட்டினார்கள். மக்களவையில் விவாதமே நடக்கவில்லை. இதை நியாயம் என்று ஏற்க முடியாது.